ஒரு பெண்ணைக் குறை சொல்வதும் பெண்வெறுப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தில்லியில், யமுனையின் கிழக்குக் கரையில், மயூர் விஹாரில் எங்கள் தமிழ் மன்றம் நடக்கிறது. அறுபது குடும்பங்கள், ஆண்டுக்கு மூன்று விழாக்கள், ஓர் இரும்புப் பணப்பெட்டி. சென்ற பொங்கல் விழாச் செலவில் ஒரு பகுதிக்கு ரசீது இல்லை என்று பொதுக்குழுவில் எழுந்து கேட்டவள் நான். பொருளாளர் ஒரு பெண். அன்று மாலைக்குள் நாலு பேர் என்னைப் பெண்வெறுப்பு பிடித்தவள் என்று சொல்லிவிட்டார்கள். என் பக்கம் நிற்பதாக நினைத்துக்கொண்டு வேறு சிலர் பேசிய பேச்சு அதைவிட மோசம். கேட்டு நானே கூசிப்போனேன். அதன் பிறகு லிஃப்டிலும் காய்கறிக் கடையிலும் ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர் படிக்கட்டிலும் என்னை நிறுத்தி நிறுத்திக் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி: மத்திய அரசு அமைச்சகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் 32 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ரசீது இல்லாத செலவைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். அந்தக் குணத்தையும் சேர்த்தே இதைப் படியுங்கள்.

ஒரு பெண்ணைக் குறை சொன்னாலே அது பெண்வெறுப்பு ஆகிவிடுமா?

ஆகாது. ஆகும் என்றால் எந்தப் பெண்ணிடமும் எந்தப் பொறுப்பையும் கொடுக்க முடியாது. கணக்குக் கேட்கக் கூடாத ஆளிடம் யார் பணப்பெட்டியைக் கொடுப்பார்கள்?

அப்படியானால் கோடு எங்கே விழுகிறது?

அன்றைய கூட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். பிப்ரவரி முதல் ஞாயிறு, கீழ்த்தளக் கூடம், ஒரே ஒரு ஹீட்டர்; அதுவும் தலைவரின் காலடியில். நான் கேட்டது இவ்வளவுதான்: “மொத்தச் செலவு 1,12,600 ரூபாய். 94,200-க்கு ரசீது இருக்கிறது. மீதி 18,400-க்கு எங்கே?”

அடுத்து ஒருவர் எழுந்தார். “வாழை இலை 300-க்கு 4,500 ரூபாயா? ஐ.என்.ஏ. சந்தையில் மொத்தமாக எடுத்தால் இவ்வளவு ஆகாதே.” நல்ல கேள்வி. சந்தைக்குப் போய் விலை விசாரித்தால் பதில் கிடைத்துவிடும்.

மூன்றாமவர்: “இவ்வளவு பெரிய தொகையைச் செலவழிக்கும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.” அந்த வீட்டுக்காரர் மன்றத்தில் உறுப்பினரே இல்லை. பொங்கலன்று அவர் ஊரிலும் இல்லை.

நாலாமவர் ஒரு பெண்மணி. குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி: “ஒவ்வொரு விழாவுக்கும் ஒரு புதுப் பட்டுப்புடவை. எங்கிருந்து வருகிறதோ!”

ஐந்தாமவர் முடித்து வைத்தார். “பெண்கள் கையில் சாவியைக் கொடுத்தால் இப்படித்தான்.”

வீட்டுக்கு வந்து இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். முதல் இரண்டுக்கும் ஒரு முடிவு உண்டு. ரசீது வந்தால், விலை சரியாக இருந்தால், விஷயம் தீர்ந்தது. கேட்டவர் உட்கார்ந்துவிட வேண்டியதுதான். கடைசி மூன்றுக்கும் முடிவே கிடையாது. அந்த அம்மாள் பைசா சுத்தமாகக் கணக்குக் காட்டினாலும் அவர் கணவரிடம் கேட்காதவராகத்தான் இருப்பார், புடவை புடவையாகத்தான் இருக்கும், சாவி பெண் கையில்தான் இருக்கும். நான் கோடு போடுவது இங்கேதான். குறை என்றால் பதில் சொல்லித் தீர்க்க வழி இருக்க வேண்டும். எந்தப் பதிலாலும் தீராத குறை அவர் செய்த காரியத்தைப் பற்றியது அல்ல. அவர் பெண்ணாக இருப்பதைப் பற்றியது.

அந்த இடத்தில் ஓர் ஆணை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்கிறார்களே?

பெரும்பாலும் தெரிந்துவிடும். எங்கள் முன்னாள் பொருளாளர் ஓர் ஆண். இரண்டு ஆண்டுகள் கணக்கே வைக்கவில்லை. “பாவம், மறதிக்காரர்” என்றார்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் அவர் ஒரு புதுக் காரும் வாங்கினார். அது எங்கிருந்து வந்தது என்று யாரும் குரலைத் தாழ்த்திக் கேட்கவில்லை. கேட்காததும் சரிதான், கார் அவருடைய சம்பளத்தில் வந்தது. புடவைக்கும் அதே மரியாதையைக் கொடுத்திருக்கலாம் என்கிறேன்.

ஆனால் இந்தச் சோதனை எல்லா இடத்திலும் பலிக்காது. நம்முடைய வசவுச் சொற்களில் பாதிக்கு ஆண்பால் கிடையாது. வாழாவெட்டி என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கணவனைப் பிரிந்து பிறந்த வீட்டில் இருப்பவளுக்கு அந்தப் பெயர். அவளைப் பிரிந்தவனும் எங்கோ இருக்கிறான் அல்லவா, அவனுக்கு என்ன பெயர்? ஒன்றும் இல்லை, அவன் பெயர் அவன் பெயர்தான். அடங்காப்பிடாரி, பஜாரி, ஓடுகாலி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். வாய் ஓயாத பெண் வாயாடி; வாய் ஓயாத ஆணுக்கு மன்றத்தில் மைக் கொடுத்துச் சால்வை போர்த்துகிறோம். மனைவியை இழந்தவனின் நிலைக்குத் தொல்காப்பியம் ‘தபுதார நிலை’ என்று பெயர் வைத்திருக்கிறது. பெயர் என்னவோ இருக்கிறது, அதை எடுத்து யாரும் யார் மீதும் எறிந்ததில்லை. கணவனை இழந்தவளுக்கான சொற்களோ தெருச் சண்டையில் முதலில் வந்து விழுகின்றன.

ஆகையால் ஆளை மாற்றிப் பார்க்கும்போது சொல் மாற மறுத்தால், அந்தச் சொல்லே தன் சாதியைக் காட்டிக் கொடுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு அம்மா, மனைவி, இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். நான் எப்படிப் பெண்வெறுப்பாளன் ஆவேன்?

ஐந்தாமவர் கேட்டது இது. மகள்களைப் பொறியியல் படிக்க வைத்தவர், மனைவிக்கு மருத்துவமனையில் இரவெல்லாம் துணை இருந்தவர். அவர் பெண்களை வெறுக்கவில்லை என்பது எனக்கும் தெரியும். சிக்கல் அந்தச் சொல்லில் இருக்கிறது.

2012 அக்டோபர் 9 அன்று ஆஸ்திரேலியப் பிரதமர் ஜூலியா கில்லார்ட் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர் டோனி அபாட்டைப் பார்த்துப் பெண்வெறுப்பு பற்றி ஆற்றிய உரை உலகமெங்கும் பேசப்பட்டது. ‘பெண்வெறுப்பு என்றால் பெண்களை வெறுப்பது, அபாட் யாரையும் வெறுக்கவில்லையே’ என்று அங்கேயும் இதே வாதம் கிளம்பியது. அந்த நாட்டின் மக்வாரி அகராதி அதே மாதத்தில் அந்தச் சொல்லின் பொருளை விரித்து, பெண்களுக்கு எதிராக ஊறிப்போன தப்பெண்ணமும் அதில் அடங்கும் என்று சேர்த்துக்கொண்டது.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியர் கேட் மான் இன்னும் கூர்மையாகப் பிரிக்கிறார். பெண் இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று நியாயம் சொல்வது ஒன்று. அந்த இடத்தை விட்டு நகர்ந்தவளைத் தண்டிப்பது இன்னொன்று. இரண்டாவதைத்தான் அவர் பெண்வெறுப்பு என்கிறார். முதலாவது சட்டப்புத்தகம் என்றால் இரண்டாவது லத்தி. லத்தி வீசுகிறவர் மனத்துக்குள் வெறுப்பு இருக்க வேண்டியதில்லை; தன் கடமையைச் செய்வதாகக்கூட நினைத்துக்கொண்டிருப்பார்.

இது எனக்கு எங்கள் மன்றத்திலேயே விளங்கியது. இதே அம்மாள் ஏழு ஆண்டுகளாகப் பொங்கலன்று பனிமூட்டத்தில், விடியற்காலை ஐந்து மணிக்கு, விரல் விறைக்கக் கோலம் போட்டவர். அப்போதெல்லாம் அவரைப் புகழாத வாய் இல்லை. கோலப்பொடிக் கிண்ணத்தை வைத்துவிட்டுச் சாவியைக் கையில் எடுத்த ஆண்டில்தான் அவருடைய புடவை கண்ணில் பட்டது.

கில்லார்டை விமர்சித்தவர்கள் எல்லோரும் பெண்வெறுப்பாளர்களா?

இல்லவே இல்லை. ‘என் ஆட்சியில் கார்பன் வரி வராது’ என்று 2010 தேர்தலுக்கு முன் சொன்னவர், 2011-ல் அதைக் கொண்டுவந்தார். வாக்குத் தவறினார் என்று சொன்னவர்கள் நியாயமாகத்தான் சொன்னார்கள். அதே வரிக்கு எதிரான கூட்டத்தில் அவரைச் ‘சூனியக்காரி’ என்று எழுதிய பதாகை நின்றது. அபாட் அதன் முன்னால் நின்று பேசினார். ஒரே கூட்டம், ஒரே வரி. ஒன்று விமர்சனம், மற்றது சூனியக்காரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புகழ்பெற்ற அந்த உரையை அவர் ஆற்றிய நாளிலேயே, தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களின் உதவித்தொகையைக் குறைக்கும் அவரது அரசின் மசோதா மேலவையில் நிறைவேறியது. அந்த உதவியை நம்பியிருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். உரைக்குக் கைதட்டிக்கொண்டே மசோதாவைத் திட்டலாம். நான் அப்படித்தான் செய்வேன்.

நம் நாட்டு அரசியலில்?

இந்திரா காந்தி 1966-ல் பிரதமரானார். சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா அவருக்கு வைத்ததாகச் சொல்லப்படும் பெயர் ‘கூங்கி குடியா’, ஊமைப் பொம்மை. இந்திரா செய்த எந்தக் காரியத்தைப் பற்றியும் அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை. பத்தாண்டு கழித்து, நெருக்கடி நிலையில், இதே தில்லியில் துர்க்மான் கேட்டில் வீடுகள் இடிக்கப்பட்டு மக்கள் சுடப்பட்டார்கள். வடக்கில் ஊர் ஊராகக் கட்டாயக் கருத்தடை நடந்தது. 1977-ல் அமைக்கப்பட்ட ஷா கமிஷன் இதையெல்லாம் விசாரித்தது. அந்தக் கமிஷனின் கேள்விகள் ஒரு பெண்ணுக்கு எதிரானவையா? பிரதமருக்கு எதிரானவை. பிரதமர் பெண்ணாக இருந்தார், அவ்வளவுதான். எனக்கு வேடிக்கையாகத் தோன்றுவது ஒன்றுண்டு: பொம்மை என்று சிரித்தவர்கள் அந்தப் பொம்மையின் கையில் குவிந்த அதிகாரத்தை எவ்வளவு தாமதமாகக் கவனித்தார்கள்! பெண்வெறுப்பு அந்தப் பெண்ணை இழிவுபடுத்துவது மட்டுமில்லை, விமர்சகரின் கண்ணையும் கட்டிவிடுகிறது.

ஜெயலலிதா விஷயத்திலும் இதே கதைதான். வளர்ப்பு மகனின் 1995 திருமண ஆடம்பரம், வருமானத்துக்கு அதிகமான சொத்து வழக்கு, 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூருத் தனி நீதிமன்றம் விதித்த நான்கு ஆண்டுச் சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும், 2015-ல் உயர்நீதிமன்றம் தந்த விடுதலை, அவர் இறந்த பின் 2017 பிப்ரவரியில் மற்றவர்கள் மீதான தண்டனையை உறுதி செய்த உச்சநீதிமன்றம்: விமர்சிக்க ஒரு வண்டி விஷயம் இருந்தது. இத்தனை இருந்தும், மேடைகளில் பேசப்பட்டது அவர் சினிமாவில் ஆடியதும் மணம் செய்துகொள்ளாததும்தான். சொத்துப் பட்டியலைப் படிக்க உழைப்பு வேண்டும், மற்றதற்கு வேண்டாம்.

நிர்மலா சீதாராமன் மதுரையில் பிறந்தவர். 2019-ல் நிதித்துறையை முழு நேரப் பொறுப்பாக ஏற்ற முதல் பெண். அதே ஆண்டு டிசம்பரில், வெங்காய விலை எகிறிய நாட்களில், தாம் வெங்காயம் பூண்டு அதிகம் சாப்பிடாத குடும்பத்திலிருந்து வருகிறவர் என்று மக்களவையில் சொன்னார். தெருவில் வெங்காயம் வாங்கியவர்களுக்குக் கோபம் வந்தது, வரத்தான் வேண்டும். ஒவ்வொரு பட்ஜெட் நாளிலும் அவர் உடுத்திய புடவை எந்த ஊர் நெசவு என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. அது வசவு இல்லை, பாராட்டுதான். ஆனாலும் அவருக்கு முன் இருந்த அமைச்சர்களின் வேட்டிக்கும் குர்தாவுக்கும் யாரும் பத்தி ஒதுக்கிய நினைவு எனக்கு இல்லை.

“தகுதியைப் பார்த்துத்தான் சொல்கிறோம், பெண் என்பதால் இல்லை” என்றால்?

இருக்கலாம். ஆனால் தில்லியில் இந்த வாக்கியத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

சி.பி. முத்தம்மா குடகில் பிறந்து சென்னையில் படித்தவர். 1949-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். அந்தக் காலத்து விதிப்படி அந்தப் பணியில் இருக்கும் பெண் திருமணம் செய்துகொள்ள அரசிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும்; குடும்பம் வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு கருதினால் பதவி விலக வேண்டும். ஆண் அதிகாரிக்கு இந்த விதி இல்லை. தமக்கு மேல்நிலைப் பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது முத்தம்மா உச்சநீதிமன்றம் போனார். தகுதி போதவில்லை என்பதே அரசுத் தரப்பின் பதில். வழக்கு முடிவதற்குள் அதே தகுதிக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது! 1979-ல் தீர்ப்பெழுதிய நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், பதவி உயர்வு கிடைத்துவிட்டதால் மனுவைத் தள்ளுபடி செய்தார், ஆனால் விட்டுவிடவில்லை. கல்யாணம் ஆன பெண்ணுக்கு வீட்டுக் கவலை இருக்கும் என்றால் கல்யாணம் ஆன ஆணுக்கு இருக்காதா என்று கேட்டு, பணி விதிகளிலிருந்து இந்தக் கறையை வழக்கு வரும்வரை காத்திராமல் துடைத்தெறியச் சொன்னார். ‘பெண்வெறுப்பு’ என்பதற்கான சொல்லையே அவர் அந்தத் தீர்ப்பில் எழுதியிருக்கிறார்.

நாற்பதாண்டு கழித்தும் மாறவில்லை. ராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி கேட்ட பபிதா பூனியா வழக்கில், கிராமத்திலிருந்து வரும் ஆண் சிப்பாய்கள் பெண் தலைமையை ஏற்க மனத்தளவில் தயாராக இல்லை என்று அரசுத் தரப்பு எழுதிக் கொடுத்தது. 2020 பிப்ரவரி 17 அன்று உச்சநீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. கவனியுங்கள், அந்த வாதத்தில் எந்தப் பெண் அதிகாரி மீதும் ஒரு குறைகூட இல்லை. இன்ன அதிகாரி இன்ன நாளில் இன்ன தவறு செய்தார் என்றிருந்தால் அது விமர்சனம். யாரோ சிப்பாய்க்குப் பிடிக்காது என்பதற்காக எல்லாப் பெண்களையும் நிறுத்தினால் அதற்குத் தகுதி என்று பெயர் இல்லை.

பெண்ணே பெண்ணைக் குறை சொன்னால்?

அதே அளவுகோல்தான். புடவையைப் பற்றிப் பேசியது ஒரு பெண்மணி என்பதை மறக்க வேண்டாம். உடனே “பெண்ணுக்குப் பெண்தான் எதிரி” என்று ஒருவர் சிரித்தார். அந்தப் பழமொழியும் லத்திதான். பிடி மட்டும் வேறு. ஆணும் ஆணும் சொத்துக்காக வெட்டிக்கொண்டால் ‘ஆணுக்கு ஆண்தான் எதிரி’ என்று யாரும் பெருமூச்சு விடுவதில்லை.

எங்களைப் போன்ற வீட்டுக்காரிகள் நாக்கில் ஒரு வாக்கியம் எப்போதும் தயாராக இருக்கிறது: “இந்த வேலைக்காரிகளே இப்படித்தான்.” ஜங்புராவை ஒட்டி மதராசி கேம்ப் என்ற குடியிருப்பு இருந்தது, 2025 ஜூன் 1 அன்று இடித்துவிட்டார்கள். அங்கிருந்த தமிழ்ப் பெண்கள் பலர் சுற்று வட்டாரத்து வீடுகளில் பாத்திரம் தேய்த்துப் பிழைத்தவர்கள். சிலருக்கு மட்டும் நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் நரேலாவில் வீடு கிடைத்தது. அடுத்த வாரமே எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பேச்சு: “நேரத்துக்கு வருவதில்லை, இவர்களே சோம்பேறிகள்.” நேரத்துக்கு வரவில்லை என்பது குறை. ‘இவர்களே’ என்ற இரண்டாவது பாதி வேறு ஏதோ.

குற்றச்சாட்டு உண்மையாகவே இருந்தால் பெண்வெறுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை அல்லவா?

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது பொருளாளர் என் பக்கத்தில் வந்தார். கையில் அந்தப் பச்சை அட்டைக் கணக்கு நோட்டு. விளிம்பில் மஞ்சள் கறை. குரல் உயரவில்லை.

“அக்கா, நீங்கள் கேட்டது சரிதான். ரசீதைத் தேடித் தருகிறேன். எனக்கு முன்னால் இருந்தவரிடம் இரண்டு வருஷம் ஏன் கேட்கவில்லை?”

என்னிடம் பதில் இல்லை. அந்த இரண்டு ஆண்டுகளும் நான் உறுப்பினர்தான். அப்போதும் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள்தான். கை அரித்ததா? அரித்தது. ஆனால் ‘அவரைப் போய் எப்படிக் கேட்பது’ என்று இருந்துவிட்டேன். இவரைக் கேட்பதற்கு அந்தத் தயக்கம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று பல இரவுகள் யோசித்தேன். எனக்குப் பிடித்த விடை எதுவும் கிடைக்கவில்லை.

என் கேள்வி நியாயமானதுதான். அதை நான் யாரிடம் முதன்முதலாகக் கேட்டேன் என்பதில்தான் கோணல். ஆளுக்கு ஒரு தராசு வைத்திருந்தால், சரியாக நிறுத்த எடையும் தப்பாகிவிடுகிறது. இதற்குப் பரிகாரம் அவரைக் கேட்காமல் விடுவது இல்லை. அவரையும் கேட்பது, முன்னவரையும் கேட்பது. மறுநாளே முன்னாள் பொருளாளருக்கு எழுதினேன். என்னைப் பெண்வெறுப்பு பிடித்தவள் என்று சொன்ன அந்த நாலு பேரிடமும், அவர்கள் முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை என்று சொன்னேன். அவர்களுக்கு அது அவ்வளவு சுவாரசியமாக இல்லை; நான் சண்டை போடுவேன் என்று எதிர்பார்த்தார்கள் போலும்.

ஆணைப் போலத் தைரியசாலி என்று புகழ்ந்தால்?

இந்திராவை ‘அமைச்சரவையின் ஒரே ஆண்’ என்று புகழ்ந்ததைக் கேட்டிருப்பீர்கள். அவரை உயர்த்த மற்ற எல்லாப் பெண்களையும் ஒரு படி இறக்க வேண்டியிருந்தது. வேறென்ன சொல்ல.

பெண்வெறுப்பு என்று கூச்சலிட்டே தப்பித்துக்கொள்ளும் பெண்கள் இல்லையா?

இருக்கிறார்கள். பொருளாளர் அப்படிச் செய்யவில்லை; அவருக்காகப் பேசியவர்கள் செய்தார்கள். “ஒரு பெண் முன்னுக்கு வந்தால் பொறுக்காது” என்றார் ஒருவர். பொறுக்காதவர்கள் அந்தக் கூடத்தில் இருந்தார்கள், சந்தேகமில்லை. ஆனால் அதனால் 18,400 குறையுமா? அவருக்கு நடந்தது அநியாயம் என்பது ஒரு பக்கத்தில், ரசீது இல்லை என்பது இன்னொரு பக்கத்தில். ஒன்றை மற்றதில் கழித்துக் கணக்கை நேர் செய்ய முடியாது.

பொய்ப் புகார் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள் என்பதால் ஒரு சட்ட விவரம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், 14-ஆம் பிரிவில், கெட்ட நோக்கத்தோடு தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தால் நடவடிக்கை எடுக்க இடம் கொடுக்கிறது. ஆனால் புகாரை நிரூபிக்க முடியாமல் போனதே பொய்க்குச் சான்று ஆகாது என்றும் அதே பிரிவு சொல்கிறது; கெட்ட நோக்கம் தனி விசாரணையில் நிலைநாட்டப்பட வேண்டும். அதாவது, பொய் சொன்ன ஒரு பெண்ணைத் தண்டிக்க வழி உண்டு. புகார் கொடுக்கிற பெண்கள் எல்லோரும் பொய்யர்கள் என்ற முடிவுக்கு வழி இல்லை. இதைப் படிக்காமலேயே “அந்தச் சட்டமே பொம்பளைகளுக்கு” என்று பேசுகிற ஆண்களை என் அலுவலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கோபத்தில் ஒரு வார்த்தை தடித்துவிட்டால் குற்றமா?

எல்லாத் தடித்த வார்த்தையும் குற்றமல்ல. ஆனால் ஒரு பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு சொல்லும் சொல், செய்யும் சைகை ஆகியவற்றுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 79-ஆம் பிரிவில் மூன்று ஆண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தின் 509-ஆம் பிரிவுதான் 2024 ஜூலை 1 முதல் இந்த எண்ணில் இருக்கிறது.

சரி, ஒரு பெண்ணின் தவறை எப்படித்தான் சொல்வது?

‘குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்’ என்ற குறளில் ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. (அதே வள்ளுவர், மனைவி சொற்படி நடப்பவனைப் பழிக்க, பெண்வழிச் சேறல் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். அவரிடமும் குணம், குற்றம் இரண்டும் நாட வேண்டியதுதான்.)

நடைமுறையில் நான் செய்ததைச் சொல்கிறேன். பொருளாளருக்கு எழுத்து மூலம் கேட்டுக் கடிதம் போட வேண்டியிருந்தது. முதலில் எழுதியது இப்படித் தொடங்கியது: “ஒரு பெண்ணாக, உங்களிடம் நாங்கள் கூடுதல் நேர்மையை எதிர்பார்த்தோம்.” எழுதும்போது அது கண்ணியமாகத்தான் தோன்றியது. காபி ஆறுவதற்குள் இன்னொரு முறை படித்தேன். கூடுதல் எதற்கு? ஆணிடம் எதிர்பார்க்கும் நேர்மையே போதாதா? அடித்தேன். இரண்டாவது பத்தியில் “விழாவன்று உங்கள் அலங்காரத்தில் இருந்த கவனம்” என்று தொடங்கி ஒரு வாக்கியம் இருந்தது. அதை எழுதியது என் கைதானா என்று வெட்கமாக இருந்தது. அதையும் அடித்தேன். மிஞ்சியது மூன்று வரி: தேதி, தொகை, எந்தெந்தத் தலைப்பில் ரசீது வேண்டும், எந்த நாளுக்குள். கடிதம் சப்பென்று ஆகிவிட்டது. பரவாயில்லை. அதே மூன்று வரியைப் பெயரையும் விவரங்களையும் மட்டும் மாற்றி முன்னாள் பொருளாளருக்கும் அனுப்ப முடிந்தது.

கடைசியில் அந்த 18,400 என்ன ஆயிற்று?

மார்ச் மாதத்துக்குள் 15,150-க்கு ரசீது வந்தது: கரும்பு, பூ, எரிவாயு உருளை, பந்தல் வாடகை. மீதி 3,250 சமையலுக்கு உதவிய இருவருக்கும் ஆட்டோவுக்கும் கையில் கொடுத்தது, ரசீது வாங்கவில்லை. விழாவுக்கு ஆயிரம் வேலை இருக்கும்போது ஆட்டோக்காரரிடம் யார் ரசீது கேட்பார்கள் என்பது அவர் வாதம். கேட்க வேண்டும் என்பது என் வாதம். அந்தத் தொகையை அவர் சொந்தப் பணத்திலிருந்து பெட்டியில் போட்டார். எனக்கு அது தேவையில்லாத ரோஷமாகப் பட்டது; ஒரு சான்றுக் கையெழுத்தே போதும் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

நவராத்திரிக்கு என்னை அழைத்தார். கொலுவில் ஒன்பது படி. வெற்றிலை பாக்கும் சுண்டலும் கொடுத்தார், முகத்தைப் பார்க்கவில்லை. பட்டுப்புடவை கட்டியிருந்தார். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற அந்தப் பெண்மணி என் தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னார்: “பார்த்தீர்களா, இதுவும் புதுசு.”

முன்னாள் பொருளாளர் வீடு மாறும்போது நோட்டு தொலைந்துவிட்டது என்கிறார். அவருக்கு மூன்றாவது நினைவூட்டல் கடிதத்தை இந்த வாரம் அனுப்பியிருக்கிறேன்.